மாத்திரை வாரம்

அத்தியாயம் 11

கறையம்மா வெளிக்குப் போய் ஐந்து நாளாயிற்று.

பத்திரிகையில் இப்படியா ஆரம்பிப்பது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அந்தக் குடும்பத்தில் ஐந்து நாளாக வேறு பேச்சே இல்லை.

கழுத்தில் கட்டி வந்ததும், நிணநீரில் புற்றுநோய் என்று அதற்குப் பெயர் வைத்ததும், இரண்டு முறை மருந்து ஏற்றியதில் கட்டி பாதியாகக் கரைந்ததும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் எல்லோர் முகத்திலும் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் விடைபெற்றோம். மூன்றாவது மருந்து போன புதன்கிழமை ஏறியது. வெள்ளிக்கிழமை வயிறு உப்ப ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வாந்தி, திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. இன்று மறுபடியும் புதன்.

படுக்கையில் கிடந்தவளைத் தன் மனைவி என்று நம்ப லாண்டரிக்காரருக்குச் சிரமமாக இருந்தது. மூக்கில் குழாய். போர்வைக்குக் கீழே நிறைமாதக்காரி போல வயிறு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தும், எப்பேர்ப்பட்ட கறையும் அவள் கையில் தோற்றுவிடும் என்பதால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் கறையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கை இப்போது ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய் விரிப்பின் மேல் கிடந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு அறுவை டாக்டர் வந்தார். நாற்பது வயதுக்காரி. பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது.

"குடல் முழுக்கக் காத்து நிக்குது. எங்க அடைச்சிருக்குன்னு ஸ்கேன்ல தெளிவாத் தெரியல. முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?"

"குடல்வால் ஆபரேஷன் டாக்டர். இருபது வருஷம் ஆச்சு," என்றார் லாண்டரிக்காரர்.

"அந்தத் தழும்புல குடல் ஒட்டி முறுக்கிக்கிட்டிருக்கலாம். பழைய காகிதம் இருக்கா?"

"கடை பீரோல பத்திரமா இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. மூணு மணிக்குத் தியேட்டர் சொல்லியிருக்கேன்."

மகள் குறுக்கிட்டாள். "அம்மா தாங்குவாங்களா டாக்டர்?"

டாக்டர் அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு வராது. "மருந்து ஏத்தினதால வெள்ளையணு ரொம்ப இறங்கியிருக்கு. அறுத்த இடம் ஆறுமா, கிருமி தொத்துமான்னு உறுதி சொல்ல மாட்டேன். பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கங்க. ஆனா அடைப்பை அப்படியே விட்டா குடல் அழுகிடும். அப்புறம் அந்தப் பாதியும் இல்ல."



"வேற மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் மாதிரி மகள் தன் அட்டவணையை நீட்டினாள். பஸ் டிப்போவில் யாருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று பட்டியல் போடுகிற வேலை அவளுக்கு. அம்மாவின் மாத்திரைகளையும் நாலு கலரில் கட்டம் கட்டி வைத்திருந்தாள்.

"தொண்டை கரகரப்புக்கு வாங்கின மிட்டாய்கூட இதுல இருக்கு டாக்டர். இதைத் தவிர ஒண்ணும் உள்ள போகல."

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்று லாண்டரிக்காரரும் தலையாட்டினார். மனசறிந்து சொன்ன வார்த்தைதான். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

புற்றுநோய் டாக்டர் மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தார். வியாதிக்கு மாநாடு, விடுமுறை எல்லாம் ஏது? மகள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். 

கிளம்பும்போது லாண்டரிக்காரர் மனைவியின் பக்கம் குனிந்தார். "கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"பச்சைக் கோட்டு," என்றாள் அவள், குழாய்க்கு நடுவில். "காலர் கறை... சோடா போட்டுடாதீங்க. சாயம் போயிடும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

* * *

லாண்டரியில் நீராவி மூக்கை அடைத்தது. இரண்டு பெரிய மெஷின்கள், கல் தொட்டி, அதன் ஓரத்தில் கறையம்மாவின் ஸ்டூல். முதலாளியம்மா இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடக் கூடாது என்று இஸ்திரிக்காரம்மா ஒற்றை ஆளாக மாரடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணா?"

"மூணு மணிக்கு ஆபரேஷன்."

அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். லாண்டரிக்காரர் பீரோவைத் திறந்து ஒவ்வொரு உறையாகப் புரட்டினார். பழைய காகிதம் கிடைத்தது. மஞ்சளாகி ஓரம் அரித்திருந்தது. இத்தனைக்கும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படியே கிளம்பியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

"அண்ணா, இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான்," என்று இஸ்திரிக்காரம்மா இழுத்தாள். "இந்த மாத்திரை வாரத்துல நான் என்னோடதை எடுத்துக்கல. அப்படியே டப்பாவுல இருக்கு. அப்புறம் நீங்க பார்த்துட்டுத் திட்டக் கூடாதில்ல?"

மாத்திரை வாரம் என்றால் என்னவென்று புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை சோப்புத் தண்ணீரிலும் சோடாவிலும் ஊறுகிற கைகளுக்கு நகத்தில் பூஞ்சை பிடிக்கும். நகம் மஞ்சளாகித் தடித்து, மக்கின சுண்ணாம்பு போல உதிரும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோல் டாக்டர் கறையம்மாவுக்கு ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். மாதத்தில் ஒரு வாரம் மட்டும், காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. நகம் பளிச்சென்று வந்தது. அன்றைக்குப் பிடித்தது வழக்கம். அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி, கடையிலிருக்கும் மூன்று பேருக்கும் மாதா மாதம் லாண்டரிக்காரரே கணக்காக எடுத்துக் கொடுப்பார். டப்பா இருந்ததும் ரப்பர் கையுறைக்கும் கைக்களிம்புக்கும் நடுவில்தான். அவரைப் பொறுத்தவரை மூன்றும் தொழில் சாமான். மருந்து என்று அதை யாரும் நினைத்ததே இல்லை.

"ஏன் எடுத்துக்கல?" என்று கேட்டார், சும்மா ஒரு பேச்சுக்கு.

"எனக்குக் கொழுப்புக்கு மாத்திரை எழுதினாங்கல்ல, அந்த டாக்டர்கிட்ட இதையும் காட்டினேன். மனுஷன் பதறிட்டாரு. ரெண்டும் ஒத்துப்போகாதாம். வேற மருந்து எது உள்ள போனாலும் அது வெளிய போற வழியை இது மறிச்சுக்கிட்டு நிக்குமாம். கொஞ்சமாக் கொடுத்தது உள்ளயே தேங்கித் தேங்கி விஷமாயிடுமாம்."

லாண்டரிக்காரர் கையிலிருந்த காகித உறை கீழே விழுந்தது.

நோய் வந்ததிலிருந்து கறையம்மாவைத் தொட்டிப் பக்கமே விடவில்லை. கேப்ஸ்யூலும் நின்றிருந்தது. முதல் இரண்டு முறையும் மருந்து ஒரு தொந்தரவும் இல்லாமல் ஏறியது. போன மாதம் உடம்பு தேறியதும், 'சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிக்குது' என்று அவள் கடைக்கு வந்தாள். நாலு காலர் கசக்கினாள். கட்டைவிரல் நகம் மறுபடி மஞ்சளித்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் வரை அவர் பொறுத்தார். போன வாரத் திங்கட்கிழமை மாத்திரை வாரம் ஆரம்பித்தபோது, "உனக்கும் ஆரம்பிச்சுடுவோம், நகம் கெட்டா உனக்கு மனசு கெட்டுடும்" என்று அவர்தான், தன் கையால், தண்ணீர் டம்ளரோடு கொடுத்தார்.

திங்கள், செவ்வாய். புதன்கிழமை மருந்து ஏறியது. அன்றைக்குச் சாயங்காலமும் கொடுத்தார். ஞாயிறு காலை வரைக்கும் விடாமல் கொடுத்தார்.

டப்பாவைக் கவிழ்த்து அதற்குள்ளிருந்த மடித்த தாளை எடுத்தார். அச்சு எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தது. மகள் அனுப்பியிருந்த அட்டவணையின் படத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சலைனில் ஏற்றிய மருந்துகளின் பெயர்கள் நீள நீளமாக இருந்தன. ஆயிரம் சட்டைக் காலரில் மங்கிப்போன எண்ணைப் படித்துப் பழகிய கண் அது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தது.

'இவற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம்' என்ற பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

"அண்ணா... என்ன அண்ணா?"

"நான்தாம்மா," என்றார். "நான்தான் அவளைக் கொன்னுட்டு இருக்கேன்."

மகளின் எண்ணை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டாள். "அப்பா, காகிதம் கிடைச்சுதா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். மூன்று நாளாக அழுது கரகரத்த அந்தக் குரலைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது.

"கிடைச்சுது. வந்துட்டே இருக்கேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோழை என்று அவரைத் திட்டலாம். டெலிவரி வேனை ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் அவரே அதைத்தான் செய்தார். ஒரு சிக்னலில் வண்டிகள் அசையவே இல்லை. பின்னால் தொங்கிய கோட்டுகள் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் வந்து அவர் தோளை இடித்தன. மணி ஒன்று ஐம்பது.

* * *

வார்டுக்குள், கறையம்மாவின் படுக்கையை மறைத்த திரைக்கு இந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள். லாண்டரிக்காரர் பழைய காகிதத்தைக் கொடுக்கவில்லை. டப்பாவைக் கொடுத்தார். தாளைக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அட்டவணையைத்தான் பார்த்தாள். நாலு கலர் கட்டங்களில் எங்கேயும் இது இல்லை.

"டாக்டர் கேட்டாங்கல்ல? எதுவா இருந்தாலும் சொல்லுங்கன்னு கேட்டாங்கல்ல அப்பா?"

"அது நகத்துக்குன்னு..."

"நகத்துக்கா! அம்மா உயிரோட இருந்தாத்தானே நகம்?" குரல் உயர்ந்தது. பக்கத்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒவ்வொரு மாத்திரைக்கும் நான் அலாரம் வெச்சு எந்திரிச்சேன். என் முதுகுக்குப் பின்னால நீங்க ஒரு வாரமா... நீங்கதான் அம்மாவ இந்தக் கதிக்குக் கொண்டுவந்தீங்க. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஜென்மத்துல உங்க முகத்துல முழிக்க மாட்டேன்!"

 

சத்தம் கேட்டு அறுவை டாக்டரே வந்துவிட்டார். டப்பாவை வாங்கிப் பெயரைப் பார்த்தார். தாளைப் பார்க்கவில்லை. அப்படியே வெளியூரிலிருந்த புற்றுநோய் டாக்டருக்குப் போன் போட்டு, நாலு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க. நாங்க ஏத்தின மருந்து நரம்பை மந்தமாக்கும். அது உடம்பை விட்டுப் போகாம இந்தக் கேப்ஸ்யூல் தடுத்திருந்தா, குடல் சுத்தமா மரத்துப் போயிருக்கும். அப்போ இது அடைப்பே இல்ல. கத்தி தேவையில்ல. குழாயில காத்தை இறக்கி, சலைன் கொடுத்து, ரெண்டு மூணு நாள் காத்திருந்தா குடல் தானா முழிச்சுக்கலாம்."

லாண்டரிக்காரர் கும்பிடக் கையெடுத்தார்.

"அவசரப்படாதீங்க. இன்னொண்ணும் இருக்கு. அவங்க இதைச் சாப்பிடாம விட்டிருந்தா, இது மருந்தால வந்தது இல்ல. பழைய தழும்புல முறுக்கிக்கிட்ட அடைப்புதான். அதுக்கு ரெண்டு நாள் காத்திருந்தா குடல் அழுகிடும். ரத்தத்துல கேப்ஸ்யூல் இருக்கான்னு பார்க்க மூணு நாள் ஆகும். என்கிட்ட மூணு நாள் இல்ல. எத்தனை முழுங்கினாங்கன்னு அவங்களே சொல்லணும்."

"நான் என் கண்ணால பார்த்தேன் டாக்டர். என் முன்னாடிதான் முழுங்கினா."

"அவங்க வாயாலயும் கேட்டுக்கறேன்," என்று டாக்டர் திரையை விலக்கினார்.

* * *

கறையம்மாவின் கண் திறந்திருந்தது.

டாக்டர் குனிந்து டப்பாவைக் காட்டினார். "அம்மா, போன வாரம் உங்க வீட்டுக்காரர் இதைக் கொடுத்தாரா?"

"கொடுத்தாரு."

"எத்தனை சாப்பிட்டீங்க?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு மூன்று எட்டு தள்ளி, குற்றவாளி மாதிரி நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூடச் சாப்பிடல," என்றாள்.

லாண்டரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அது குமட்டும். வாய்ல அதக்கி வெச்சிருந்து, அவர் அந்தப் பக்கம் போனதும் தொட்டியில துப்பித் தண்ணியத் திறந்து விட்டுட்டேன்." நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. "அவர் கொடுத்ததால எனக்கு ஒண்ணும் ஆகல. அவரைத் திட்டாதே பாப்பா."

மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் நிமிர்ந்து, வாசலில் நின்ற நர்ஸைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் ஏற்கெனவே அங்கே வந்து நின்றிருந்தது.

"பொய்!" என்றார் லாண்டரிக்காரர்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவளைப் பார்த்து அவர் சொன்னதில்லை.

"டாக்டர், அவ பொய் சொல்றா. ஒவ்வொரு தடவையும் முழுங்கிட்டு வாயைத் திறந்து நாக்கைக் காட்டுவா. கேலிக்குத்தான். நான் பார்த்திருக்கேன்."

"நாக்குக்கு அடியில வெச்சிருந்தேன்," என்றாள் அவள்.

"டாக்டர், திரைக்குப் பின்னால இவ எல்லாத்தையும் கேட்டுட்டா. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா."

"இவர் எப்பவும் பழியைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கற ஆளு டாக்டர். சட்டை சுருங்கினாக்கூட என் கை தவறுதான்னு சொல்லுவாரு."

நிஜமாகவே அவர் அப்படிப்பட்டவர்தான். அதுதான் வினை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து. லாண்டரிக்காரர் கட்டிலருகே மண்டி போட்டு அவள் காதருகே போனார்.

"இங்க பாரும்மா. நீ சாப்பிட்டிருந்தா வயித்தக் கிழிக்க வேண்டியதில்ல. சாப்பிடலைன்னு சொன்னா இப்பவே கிழிப்பாங்க. புரியுதா? உன் உடம்பு தாங்காது. உண்மையைச் சொல்லு. உன் கால்ல விழறேன்."

அவள் உதடு அசைந்தது. அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"எப்படியும் நான் தேற மாட்டேங்க. எனக்கப்புறம் அவளுக்கு நீங்க ஒருத்தர்தான். அவ உங்களை வெறுத்துட்டா ரெண்டு பேரும் அநாதையாயிடுவீங்க."

"சாப்பிட்டேன்னு சொல்லும்மா!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் மறுபடி கேட்டபோது தலையை இடமும் வலமுமாக அசைத்தாள். இல்லை.

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு சேர்த்தாள். லாண்டரிக்காரர் எழுந்து அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒருவரோடும் சண்டைக்குப் போகாத, கிழிந்த சட்டைக்குக்கூட மன்னிப்புக் கேட்டே பழகிய மனிதர்.  பிடி தளரவில்லை.

"அப்பா, விடுங்க," என்றாள் மகள்.

"விட மாட்டேன்."

"அம்மாவே சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன?"

"உனக்காகச் சொல்றா. நீ என்னை வெறுத்துடக் கூடாதுன்னு சொல்றா." அவர் மகள் பக்கம் திரும்பினார். "தாராளமா வெறுத்துக்க. செஞ்சது நான்தான். நாளையிலேர்ந்து என் முகத்துல முழிக்க வேணாம். நான் கேட்க மாட்டேன். ஆனா நான் கொடுத்தேன், அவ முழுங்கினா. ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் ஒரு வேளை தப்பல. அதை மட்டும் நம்பு."

 சம்மதப் பத்திரம் டாக்டரின் கையில் இருந்தது.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூடிய இமையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கி, மூக்குக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் ஊறியது. வலிக்கு அம்மா அழுது அவள் பார்த்ததில்லை. ஐந்து நாளாக வயிறு கல்லாகக் கிடந்தபோதும் அழவில்லை.

"டாக்டர்," என்றாள். "நான் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கலாம். ஆனா அம்மா சொல்றது நிஜமா இருந்தா, நாளைக்கு நீங்களே வந்து கெஞ்சினாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தெரிஞ்சுதான் கேட்கறீங்களா?"

"தெரியும்."

டாக்டர் பத்திரத்தை நீட்டினார். மகள் அதை வாங்கி நாலாக மடித்து, அட்டவணைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவின் கன்றிப்போன கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

லாண்டரிக்காரர் கம்பியை விட்டுவிட்டு, "பாப்பா," என்று ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நீங்க சொன்னதை நம்பிட்டேன்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "அதனாலதான் சொல்றேன். வெளிய போய் நில்லுங்க."